பனிமலையேற்றச் சறுக்குப் பிணைப்பி

பனிமலையேற்றச் சறுக்குப் பிணைப்பி என்பது பனிச்சறுக்குக் காலணியைச் சறுக்குப் பலகையுடன் இணைக்கும் பொறியமைப்புகளுள் ஒரு வகையாகும். மேல்நோக்கி நடக்கும்போது குதிகால் தடையின்றி உயரவும், கீழ்நோக்கிச் சறுக்கும்போது குதிகால் பலகையுடன் பூட்டப்படவும் இது வழி செய்கிறது. பேச்சு வழக்கில் இது டூரிங் பைண்டிங் எனப்படுகிறது. கம்பிவட ஊர்தி வசதியுள்ள சறுக்குத் தளங்களில் பயன்படும் சாதாரணப் பிணைப்பியில் குதிகால் எப்போதும் பூட்டப்பட்டே இருக்கும். எனவே அதை அணிந்து மலை ஏற இயலாது.

செயற்பாடு

எந்தச் சறுக்குப் பிணைப்பிக்கும் இரண்டு கடமைகள் உள்ளன. சறுக்கும்போது காலணியை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். விழும்போது எலும்பு முறியும் முன் காலணியை விடுவிக்க வேண்டும். ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளின் ஊர்தி ஆலைகளில் மறைகளை இறுக்கப் பயன்படும் டார்க் ரெஞ்சு, குறித்த முறுக்குவிசையை எட்டியதும் சுருள்வில் விலகி 'க்ளிக்' என்று ஒலிப்பதை இதற்கு ஒப்பிடலாம். பிணைப்பியிலும் சுருள்வில்லின் இறுக்கமே விடுபடும் விசையைத் தீர்மானிக்கிறது. இந்த இறுக்கத்தைக் குறிக்கும் எண் டின் எண் எனப்படும்.

மலையேற்றப் பிணைப்பிக்கு இவற்றுடன் மூன்றாவது கடமையும் சேர்கிறது. அது எடை குறைவாக இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தொலைவை நடக்க ஏறத்தாழ 1,500 அடிகள் எடுத்து வைக்க வேண்டியிருப்பதால், காலில் கூடும் சில நூறு கிராம் எடையும் களைப்பை விரைவுபடுத்தும்.

வகைகள்

சட்டகப் பிணைப்பி: சாதாரணப் பிணைப்பியின் முன், பின் பகுதிகள் ஒரே சட்டகத்தில் பொருத்தப்பட்டிருக்கும். நடக்கும்போது சட்டகம் முழுவதும் குதிகாலுடன் உயரும். சறுக்குவதற்கு உறுதியானது, ஆனால் எடை மிகுந்தது. 2007 இல் அறிமுகமான மார்க்கர் டியூக் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டதாகும்.

ஊசிப் பிணைப்பி: ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்த்தெல் 1980களில் வடிவமைத்த முறை. காலணியின் முன்முனையில் இருபுறமும் பதிக்கப்பட்ட உலோகக் குழிகளில் இரண்டு ஊசிகள் பொருந்துகின்றன. காலணியே கீலைப் போல் இயங்குவதால் பிணைப்பியின் பின்பகுதியைத் தூக்க வேண்டியதில்லை. டைனாஃபிட் நிறுவனம் இம்முறையைப் பரவலாக்கியது. போட்டிகளுக்கான சில ஊசிப் பிணைப்பிகள் 200 கிராமுக்கும் குறைவானவை. எனினும் மரபான ஊசிப் பிணைப்பிகளில் நெகிழ்வு குறைவு. கடினமான பனியில் ஏற்படும் அதிர்வுகளை அவை நன்கு உள்வாங்குவதில்லை. பக்கவாட்டு விடுவிப்பும் முன்பகுதியில் அல்லாமல் பின்பகுதியில் நிகழ்கிறது.

கலப்புப் பிணைப்பி: ஏறும்போது ஊசிகளையும், இறங்கும்போது சாதாரணப் பிணைப்பியைப் போன்ற பிடிப்பையும் பயன்படுத்துவது. 2018 இல் விற்பனைக்கு வந்த சாலமன் ஷிப்ட், 2020 இல் வந்த மார்க்கர் டியூக் பி.டி. ஆகியன எடுத்துக்காட்டுகள். ஊசி வகையைவிட எடையும் விலையும் கூடுதல்.

காலணிப் பொருத்தம்

தொடக்கநிலையாளர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதுவே. சாதாரணச் சறுக்குக் காலணியின் அடிப்பாகம் ஐ.எஸ்.ஓ. 5355 தரத்தையும், மலையேற்றக் காலணியின் அடிப்பாகம் ஐ.எஸ்.ஓ. 9523 தரத்தையும் சார்ந்தது. பின்னது வளைந்தும் ரப்பர் பூசப்பட்டும் இருப்பதால், சாதாரணப் பிணைப்பியில் அது சரியாக விடுபடாமல் போகலாம். மறுபுறம், உலோகக் குழிகள் இல்லாத காலணியை ஊசிப் பிணைப்பியில் பொருத்தவே முடியாது. ஆகவே காலணியை முதலில் தெரிவு செய்து, அதற்கேற்ற பிணைப்பியைப் பின்னர் தெரிவு செய்வதே முறையாகும்.

இந்தியச் சூழல்

தமிழகத்தில் பனிச்சறுக்குக்கு இடமில்லை. இங்கிருந்து இவ்விளையாட்டைக் கற்க விரும்புவோருக்குச் சம்மு காசுமீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி ஆகியன முதன்மை இடங்கள். குல்மார்க்கில் நடுவண் அரசின் சுற்றுலா அமைச்சகத்தைச் சார்ந்த இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றக் கழகம் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது.

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குள்ள கம்பிவட ஊர்தியின் முதற் கட்டம் 1998 இல் கோங்தூரி வரையும், இரண்டாம் கட்டம் 2005 இல் அபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரையும் திறக்கப்பட்டன. ஏற்றத்தின் பெரும்பகுதியை ஊர்தியே முடித்துவிடுவதால், இங்கு வருவோர் முகட்டில் சிறிது தொலைவு நடந்து, பின் நீண்ட சரிவில் இறங்குவது வழக்கம். நடை குறைவாகவும் சறுக்கல் மிகுதியாகவும் உள்ள இத்தகைய பயன்பாட்டுக்குக் கலப்புப் பிணைப்பி பொருந்தும். காற்றாலோ புதுப்பனியாலோ மேற்கட்டம் நிறுத்தப்படும் நாட்களில் முழு ஏற்றத்தையும் நடந்தே கடக்க வேண்டும். அப்போது எடையின் வேறுபாடு நன்கு உணரப்படும்.

தெரிவு செய்யும் முறை

ஆண்டில் சறுக்கும் நாட்களுள் எத்தனை நாட்கள் உண்மையில் நடந்து ஏறப்படுகின்றன என்பதே முதற் கேள்வி.

- பத்தில் ஒரு நாள் அல்லது அதற்கும் குறைவு: சாதாரணப் பிணைப்பியே போதும். நடக்கும் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது சிக்கனமானது.
- பத்தில் இரண்டு முதல் நான்கு நாட்கள்: கலப்புப் பிணைப்பி. பழைய சட்டகப் பிணைப்பி மலிவாகக் கிடைத்தால் குறுகிய நடைகளுக்கு அதுவும் உதவும்.
- பாதிக்கு மேல்: ஊசிப் பிணைப்பி. தளத்தில் சறுக்குவதற்குத் தனிப் பலகை வைத்துக்கொள்வது நல்லது.

ஊசிப் பிணைப்பியை வாங்கும்போது அது ஐ.எஸ்.ஓ. 13992 தரச்சான்று பெற்றதா எனப் பார்க்க வேண்டும். டின் எண் ஒருவரின் எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், சறுக்கும் பாங்கு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அவருக்குரிய எண் பிணைப்பியின் அளவெல்லையின் நடுப்பகுதியில் அமைவது நன்று. எண்ணைத் தாமே கூட்டிக் குறைக்காமல் பயிற்சி பெற்ற பணியாளரைக் கொண்டு அமைத்தல் வேண்டும். பனித் தடுப்பானின் அகலம் பலகையின் நடு அகலத்துக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்க வேண்டும்.

பாதுகாப்பு

ஊசிப் பிணைப்பியின் முன்பகுதியில் நடைக்கான பூட்டு உண்டு. இப்பூட்டுடன் கீழே சறுக்கினால், விழும்போது காலணி விடுபடாமல் காலெலும்பு முறியக்கூடும். இறங்கத் தொடங்கும் முன் பூட்டைத் திறந்துவிட்டதை உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது.

பிணைப்பி ஒருவரைத் தளத்தின் எல்லைக்கு வெளியே கொண்டு செல்லும். ஆனால் அங்குள்ள இடரிலிருந்து காக்காது. 2023 பெப்ரவரி 1 அன்று அபர்வத் பகுதியில் நிகழ்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டினர் இருவரும், 2024 பெப்ரவரியில் குல்மார்க்கில் நிகழ்ந்த பனிச்சரிவில் உருசிய நாட்டவர் ஒருவரும் உயிரிழந்தனர். பனிச்சரிவு அலைபரப்பி, மண்வாரி, துழாவுகோல் ஆகிய மூன்றும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும், இடமறிந்த வழிகாட்டியும் இன்றி எல்லை கடத்தல் ஆகாது. பொருளுக்கென ஒதுக்கிய தொகை குறைவாயின், விலையுயர்ந்த பிணைப்பியைத் தள்ளிவைத்து முதலில் இவற்றுக்குச் செலவிடுவதே தக்கது.

இவற்றையும் பார்க்க

- பனிச்சறுக்கு
- பனிச்சரிவு
- குல்மார்க்
- ஔலி