விதை மிளகாய்

செத்தல் மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்துக் கறியை இன்று எண்ணிப்பார்க்கவும் இயலாது. ஆயினும் மிளகாய் நமது மண்ணின் பயிரன்று. மெக்சிக்கோப் பகுதியிலே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் பயிரிட்ட செடி அது. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே அது கடல் கடந்தது. ஆசியாவுக்கு அதனைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். 1505இல் இலங்கைக்கு வந்த அவர்கள், 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர்.

அதற்கு முன்னர் நம்மவரின் உறைப்பு மிளகுதான். வந்த காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் என்றோம். சிங்களத்திலோ மிளகுக்குரிய ‘மிரிஸ்’ என்ற சொல்லை மிளகாய் எடுத்துக்கொள்ள, பழைய மிளகு ‘கம்மிரிஸ்’ ஆயிற்று. வந்த விருந்தாளி வீட்டுக்காரனின் பெயரையே வாங்கிக்கொண்ட கதை இது.

இந்த விருந்தாளி நமது விவசாயிகளை ஒருமுறை தலைநிமிர வைத்ததும் உண்டு. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு உணவுப் பொருள் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பாணுக்கு வரிசையில் நின்ற காலமென்று பலர் அதனை நினைவுகூர்வர். வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரருக்கும், விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றங்களில் காணி பெற்ற படித்த வாலிபருக்கும் அது பொற்காலம். மிளகாயும் வெங்காயமும் விற்ற பணத்தில் கல்வீடுகள் எழுந்தன. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா அரசு திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்ததும் இறக்குமதி மிளகாய் சந்தையை நிறைத்தது. விலை சரிந்தது. தோட்டத்தை நம்பியிருந்த இளைஞர் பலரின் எதிர்காலமும் அதனுடன் சரிந்தது.

அரசு கதவை மூடியபோது உயர்ந்து, திறந்தபோது வீழ்ந்த பயிர் இது. ஆனால் கதவு எப்படியிருந்தாலும் நிற்காமல் நடந்த வேலையொன்று எங்கள் வளவுகளில் இருந்தது. நல்ல செடியொன்றை என் தாயார் முன்கூட்டியே குறித்து வைப்பார். அதன் பழங்களைச் செடியிலேயே நன்கு சிவக்கவிட்டுப் பறித்து, காயவைத்து, விதையை உதிர்த்துச் சாம்பலில் பிரட்டிப் போத்தலில் இட்டு மூடுவார். எறும்பு இழுக்காதிருக்கவே அந்தச் சாம்பல். விதைக்கும்போது மணலுடன் கலந்து தூவி, மேலே வைக்கோலைப் பரப்பித் தண்ணீர் தெளிப்பார். ஒரு வாரம், பத்து நாளில் முளை தெரியும். உடனே வைக்கோலை அகற்றிவிட வேண்டும்; பிந்தினால் நாற்று வெளிறி நெடுத்துவிடும். நான்கு, ஐந்து வாரத்தில் பிடுங்கி நடலாம்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்கு எரிபொருளும் உரமும் தடுக்கப்பட்டன. இயந்திரங்கள் ஓய, கைவிடப்பட்டிருந்த துலாக்கள் மீண்டும் அசைந்தன. அந்நாள்களில் பல வீடுகளின் கறிக்கு உறைப்பைத் தந்தவை கிணற்றடியில் நின்ற நாலைந்து செடிகளே. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, அடுத்த போகத்துக்கென வைத்திருந்த விதைப் போத்தல்களும் வீடுகளோடு பின்னே நின்றுவிட்டன. மிளகாய் விதை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் நன்றாக முளைப்பதில்லை. நெடுநாள் கழித்துத் திரும்பியோர் பலர் விதையையும் விலைக்கே வாங்க நேர்ந்தது.

இன்று கடையில் கிடைக்கும் விதைகளிற் பல கலப்பின விதைகள். அவை மிகுந்த விளைச்சலைத் தருவது உண்மையே. ஆனால் அச்செடியின் விதையை எடுத்து முளைக்கவிட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வாராது. ஒவ்வொரு போகத்துக்கும் மீண்டும் கடைக்கே செல்லவேண்டும். எங்கிருந்தோ வந்த செடியை நமதாக்கியது மண் மட்டுமன்று. பெயர் தெரியாத பல தாய்மார் ஆண்டுதோறும் செடி தெரிந்து விதை எடுத்த செயலுமாகும்.

கனடாவிலோ ஐரோப்பாவிலோ யன்னலோரத்துச் சட்டியில் மிளகாய் வளர்க்கும் அன்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. நன்றாகக் காய்க்கும் நாட்டுச் செடியில் ஒரு பழத்தையாவது பறிக்காது விடுங்கள். அது கறிக்கன்று, அடுத்த ஆண்டுக்கு.