முடியும் தோள்சீலையும்

வைட்டிலாவுக்குக் குடிவந்து ஒன்பது வருடமாகிறது. போன வாரம் எங்கள் வீட்டில் உலகப்போர். காரணம், பத்தாவது படிக்கும் மகனின் தலை. இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டி, நடுவில் காடு, நுனியில் செம்பட்டைச் சாயம்.

"ஃப்ரீக்கன் மாதிரி இருக்க, நாளைக்கே வெட்டிட்டு வா" என்று கத்திவிட்டேன்.

வெளியூர் நண்பர்களுக்காக: கலர் முடி, குழாய் ஜீன்ஸ், சத்தம் போடும் பைக் என்று திரியும் பையன்களுக்குக் கேரளத்தில் வைத்திருக்கும் பெயர் ஃப்ரீக்கன். திட்டாக வந்ததைப் பையன்களே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் கத்தியது அழகுக்காக இல்லை, பயத்தில். 2017 ஜூலையில் திருச்சூர் மாவட்டம் பாவறட்டியில் 19 வயதுப் பையன் ஒருவனை போலீஸ் விசாரிக்கக் கொண்டுபோனது. நீள முடி வைத்திருந்தவன். அந்த முடியைப் பிடித்து இழுத்து அடித்தார்கள் என்று கூட இருந்த நண்பன் சொன்னான். வெளியே வந்தவன் தற்கொலை செய்துகொண்டான். தலித் பையன். அடுக்குமாடி வீட்டுப் பையன் அதே முடியோடு போனால் ஸ்டைல் என்பார்கள், இவனைப் பார்த்தால் திருடன் என்று தோன்றியிருக்கிறது.

இது புதிதா என்ன? நான் நாகர்கோவில்காரன். எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், தோளில் துணி போட்ட நாடார் பெண்களை அடித்துத் துணியைக் கிழித்தார்கள். 1822ல் தொடங்கிய சண்டை. 1859ல் மகாராஜா இறங்கிவந்து போட்ட உத்தரவு இருக்கிறதே, அதுதான் வேடிக்கை: ரவிக்கை போடலாம், முக்குவர் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது! அதாவது உடம்பை மூடுவது பிரச்சினையே இல்லை. யார் என்று பார்த்ததும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

1915ல் கொல்லம் பக்கம் புலையர் பெண்கள் அய்யன்காளி சொல்கேட்டு, சாதி அடையாளமாகக் கழுத்தில் கிடந்த கல்லுமாலையை அறுத்தெறிந்தார்கள். அங்கே கலகம் போடுவதில் இல்லை, கழற்றுவதில்.

இதையெல்லாம் மகனிடம் சொல்லிவிட்டு, விடாமல் ஒன்று கேட்டேன். "உன் கூட்டாளிங்க அஞ்சு பேருக்கும் ஒரே வெட்டு. இதுல உன் தனித்தன்மை எங்கடா?"

"உங்க ஆபீஸ்ல எல்லாரும் கட்டம் போட்ட சட்டை, கழுத்துல அடையாள அட்டை. நீங்க எப்படிப்பா?"

பதில் இல்லை. அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன், அவராவது திட்டட்டும் என்று. உடனே போன் வந்தது.

"பிள்ளைக்கு நல்லாத்தான இருக்கு மக்கா. நீ எதுக்குக் கெடந்து துள்ளுத?"