நீண்ட சோதனையும் நிலைகுலையாப் பொறுமையும்: மலையக வரலாறு தரும் படிப்பினை



ஒரு நாள் வந்து மறுநாள் நீங்கிவிடும் துன்பத்தைத் தாங்கிக்கொள்வது மனிதனுக்கு எளிது. பாட்டனார் காலத்தில் தொடங்கிப் பேரன் காலத்திலும் முடிவுறாத துன்பத்தை எவ்வாறு தாங்குவது? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மஸ்கெலியாவிலும் வாழும் நமது இளைஞர்கள் மனத்தில் எழும் வினா இது. “பொறுமையாய் இருங்கள் என்று எத்தனை காலத்துக்குத்தான் சொல்வீர்கள்?” என்று அவர்கள் கேட்கும்போது பெற்றோர் பலர் விடை கூற இயலாது மௌனமாகிவிடுகின்றனர்.

பொறுமை (ஸப்ர்) என்பதை, வருவதை ஏற்றுக்கொண்டு வாளாவிருத்தல் என்று நாம் பிழையாக விளங்கிக்கொண்டதே இம்மௌனத்திற்குக் காரணம். இஸ்லாமிய வரலாறு அவ்வாறு கற்பிக்கவில்லை. நாம் வாழும் இந்த மலைகளின் வரலாறும் அதற்கு மாறாகவே சாட்சி பகர்கின்றது. இவ்விரண்டையும் இன்று சற்று ஒப்பு நோக்குவோம்.

கஃபாவில் தொங்கிய பத்திரம்

நபித்துவத்தின் ஏழாம் ஆண்டில் மக்கத்துக் குறைஷியர் ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதினர். பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் கிளையாருடன் எவரும் கொள்வினை கொடுப்பினை செய்யலாகாது. திருமண உறவு கொள்ளலாகாது என்பது அதன் சாரம். அப்பத்திரம் கஃபாவினுள் தொங்கவிடப்பட்டது. நபி (ஸல்) அவர்களும் அவர்களது உறவினரும் ஷிஃபு அபீதாலிப் என்னும் கணவாயில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டனர். உணவின்றி இலைகளைத் தின்றார்கள். பசியால் அழும் குழந்தைகளின் ஓலம் கணவாய்க்கு வெளியிலும் கேட்டது என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, அக்கணவாயில் பசித்திருந்தோர் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். அபூலஹபைத் தவிர அக்கிளையார் பெரும்பாலும் ஒன்றாகவே நின்றனர். இஸ்லாத்தைத் தழுவாதோரும் நபியவர்களைக் கைவிடாது அத்துன்பத்தில் பங்கேற்றனர். இரண்டாவது, அப்பத்திரத்தை முறித்தெறிய முன்வந்த ஐவரும் அப்போது முஸ்லிம்களாக இருக்கவில்லை. ஹிஷாம் இப்னு அம்ர், ஸுஹைர் இப்னு அபீஉமையா, முத்இம் இப்னு அதீ, அபுல் பக்தரீ, ஸம்ஆ இப்னு அல்அஸ்வத் ஆகியோர் இரவில் கூடி ஆலோசித்து, மறுநாள் குறைஷியர் சபையில் ஒருவர்பின் ஒருவராக எழுந்து அந்த அநீதியைக் கண்டித்தனர். முத்இம் பத்திரத்தைக் கிழிக்கச் சென்றபோது, இறைநாமம் எழுதப்பட்ட பகுதி நீங்கலாக ஏனையவற்றைக் கறையான் அரித்திருந்ததைக் கண்டார்.

அநீதியான எழுத்தை அல்லாஹ் ஓர் அற்பப் பூச்சியைக் கொண்டே அழித்தான். எனினும், அது நிகழும் வரை உள்ளே இருந்தோர் உறுதியைக் கைவிடவில்லை. வெளியே இருந்த நல்லோரும் வாய்மூடி இருக்கவில்லை.

மலைகளில் எழுதப்பட்ட பத்திரங்கள்

இனி நமது மலைகளின் பக்கம் வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களைச் சேர்ந்த மக்கள் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காக இங்கு கொண்டுவரப்பட்டனர். தோணியில் தலைமன்னார்ப் பகுதியில் இறங்கி, அடர்ந்த காடுகளினூடே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது; பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை மாறவில்லை.

அம்மக்களைக் கட்டிப்போட்டதும் ஒரு காகிதமே. அதன் பெயர் துண்டு. தொழிலாளியின் கடன் தொகை எழுதப்பட்ட அத்துண்டின்றி அவர் வேறு தோட்டத்திற்குச் செல்ல இயலாது. புதிய தோட்டம் அவரை ஏற்றால் அக்கடனும் அவரோடு சென்றது. 1921 இல்தான் சட்டத்தின் மூலம் இம்முறை ஒழிக்கப்பட்டது.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே அதனினும் கொடிய பத்திரம் எழுதப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டில் பிறந்த ஒருவரும் தம் தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்று நிறுவ வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்தவர் எத்தனை பேரிடம் பாட்டனாரின் பிறப்புப் பதிவு இருக்கும்? மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் தொகை சுமார் 134,000 மட்டுமே. அதற்கிடையில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது.

அந்தச் சட்டத்தின் பெயரிலேயே பாகிஸ்தானியர் என்ற சொல் இருந்ததை இளைஞர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். குடிசனக் கணக்கெடுப்புகளில் இந்தியச் சோனகர் எனக் குறிக்கப்பட்ட நம்மவர்களுக்கும் அதே கதவு அடைக்கப்பட்டது. ஷிஃபு அபீதாலிபைப் போன்றே இத்துன்பமும் ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

பொறுத்திருந்தோர் செய்த பணி

அன்றும் நீதிக்காகக் குரல் கொடுத்தோர் இருந்தனர். தமக்கு எவ்விதப் பாதிப்பும் நேராத நிலையிலும் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இடதுசாரித் தலைவர்கள் இச்சட்டத்தை எதிர்த்தனர். எஸ். ஜே. வி. செல்வநாயகம் இதன் பொருட்டே தம் கட்சித் தலைமையுடன் முரண்பட்டார்.

1952 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல மாதங்கள் நீடித்த சத்தியாக்கிரகத்தை நடத்தியது. சௌமியமூர்த்தி தொண்டமானோடு அதனை முன்னின்று நடத்திய அப்துல் அஸீஸ், குஜராத்தில் பிறந்து இந்நாட்டுக்கு வந்த முஸ்லிம். பின்னர் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்துத் தலைமை தாங்கிய அவர், பெரும்பாலும் இந்துக்களாகிய தோட்டத் தொழிலாளர்களின் உரிமைக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டார். இதனை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பெற்றோர் எடுத்துரைத்திருக்கிறோம்?

துன்பம் அத்துடன் முடியவில்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை எண்களாகப் பிரித்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, முடிவு பின்போடப்பட்டோர் 150,000. எஞ்சிய இத்தொகையையும் 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மலையகத்திலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்திற்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. அண்ணன் வண்டியில், தங்கை மேடையில் என்று குடும்பங்கள் பிரிந்தன. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகளும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் வன்செயல்களும் நிகழ்ந்தன.

இவ்வளவுக்கும் பின்னர், 2003 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஏகமனதாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை உரித்தாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நடமாடும் சேவைகளின் மூலம் பத்து நாட்களில் சுமார் 190,000 பேர் அதனைப் பெற்றுக்கொண்டனர். 1948 இல் எழுதப்பட்ட பத்திரத்தைக் கறையான் அரிக்க 55 ஆண்டுகள் சென்றன. விண்ணப்பம் எழுதியோர், சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தோர், சங்கத்திற்குச் சந்தா செலுத்தியோர், கொழுந்துக் கூடையைச் சுமந்தவாறே பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிய தாய்மார் யாவரும் சேர்ந்து அதற்காக உழைத்தனர். அவர்களுட் பலர் அந்நாளைக் காணாமலே மண்ணுக்குள் சென்றனர்.

அழகிய பொறுமை

அல்குர்ஆன் நமக்குக் காட்டும் பொறுமையின் முன்மாதிரி நபி யஃகூப் (அலை) அவர்கள். மகன் யூஸுபை இழந்த துயரத்தில் அழுதழுது அவர்களது கண்கள் ஒளியிழந்தன. ஆகவே, கண்ணீர் பொறுமைக்கு முரணானதன்று. தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்த அவர்கள், அதே வேளை தம் புதல்வரை நோக்கி யூஸுபையும் அவரது சகோதரரையும் தேடிச் செல்லுமாறும், இறையருளில் நம்பிக்கை இழக்க வேண்டாமென்றும் பணித்தார்கள். நம்பிக்கை வைத்தலும் தேடிப் புறப்படுதலும் அங்கே ஒன்றாகவே நிற்கின்றன. தேடாதவரின் நம்பிக்கை வெறும் கனவு. நம்பிக்கையற்றவரின் தேடல் விரைவில் களைத்துவிடும்.

மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. கணவாயிலிருந்து விடுதலை கிடைத்த சிறிது காலத்துள் நபி (ஸல்) அவர்கள் அபூதாலிபையும் அன்னை கதீஜா (ரழி) அவர்களையும் இழந்தார்கள். துயர ஆண்டு என்றே அது பெயர் பெற்றது. ஒரு கதவு திறந்தவுடன் எல்லாத் துன்பமும் நீங்கிவிடும் என்று ஈமான் வாக்களிக்கவில்லை. பிரஜாவுரிமை கிடைத்த பின்னரும் காணியும் வீடும் நியாயமான சம்பளமும் கேட்டே மலையகம் வாழ்கின்றது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தைப் பெறுவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலைகள் சரிந்து உயிர்களும் குடியிருப்புகளும் அழிந்தன. கஷ்டத்துடன் இலகும் உண்டு என்பதை ஸூரா அல்இன்ஷிராஹ் அடுத்தடுத்து இருமுறை உணர்த்துவது, கஷ்டமும் மீண்டும் மீண்டும் வரும் இயல்பினது என்பதனாற் போலும்.

நமது கடமை

அன்பின் இளைஞர்களே! நீங்கள் மேற்கொள்ளும் கல்வி உங்கள் விண்ணப்பம். அதனை எழுதி முடிக்காமல் எழுந்துவிடாதீர்கள். ஒரு பரீட்சையில் தவறியமைக்காகவோ, ஒரு நேர்முகத் தேர்வில் புறக்கணிக்கப்பட்டமைக்காகவோ மனமுடைந்து போகும்போது, எட்டு இலட்சம் மக்கள் நிராகரிக்கப்படக்கூடும் என்றறிந்தும் விண்ணப்பித்ததை எண்ணிப் பாருங்கள்.

மதிப்பிற்குரிய பெற்றோர்களே! பொறுமையைப் பிள்ளைகளுக்கு வாயடைக்கும் சொல்லாகப் பயன்படுத்தாதீர்கள். அவர்களது வேதனையைச் செவிமடுத்து, துஆவையும் முயற்சியையும் சேர்த்தே கற்பியுங்கள்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் வர்த்தகம் செய்யும் நம்மவர் பலரின் வாழ்வாதாரம் தோட்டத் தொழிலாளியின் சம்பள நாளோடு பிணைந்துள்ளது. அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்கத் தனி ஸூராவே அருளப்பட்டிருப்பதை நாம் அறிவோம். கடன் கொப்பியில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் நேர்மையாய் இருக்கட்டும். பழைய துண்டைப் போன்று இன்னொரு காகிதம் நம் கையால் எழுதப்படலாகாது.

இறுதியாக, முத்இம் இப்னு அதீயை நினைவுகூர்வோம். தாயிபிலிருந்து மனம் நொந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அவரது பாதுகாப்பிலேயே மக்காவினுள் நுழைந்தார்கள். அவர் இஸ்லாத்தை ஏற்காமலே மரணித்தார். பத்ர் போரின் பின்னர் கைதிகளைக் கண்ட நபியவர்கள், முத்இம் உயிரோடிருந்து கேட்டிருந்தால் இவர்களை அவருக்காக விட்டிருப்பேன் என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள். துன்பநாளில் துணை நின்றவரை, அவர் எம்மதத்தவராயினும், மறவாதிருப்பது ஸுன்னாவாகும். அவ்வாறு துணை நிற்பவராக நாமும் ஆவோமாக.

2023 ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு நடைபயணம், முன்னோர் நடந்த அதே வழியே சென்று ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஊமையராய் நடந்தோரின் சந்ததியினர் தம் உரிமைகளை உரத்துக் கூறியவாறு நடந்தனர். நீண்ட பொறுமை ஒரு மக்களை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதற்கு இதுவே போதிய அத்தாட்சி.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அழகிய பொறுமையையும் அயராத முயற்சியையும் தந்தருள்வானாக! இம்மலைகளில் உழைத்து வாழும் எல்லா மக்களின் துயரையும் நீக்கி அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.