ஸ்டாண்டர்டு ஹெரால்டு: காவிரிப் படுகையில் ஒரு பிரிட்டிஷ் காரின் ஓட்டமும் மீட்டமைப்பும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த சிறிய கார். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் இதற்கு மூலம். அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதன்மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலைப் பொருத்தி 1962இல் வெளிவந்ததே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். ஸ்பிட்ஃபயரோ பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரோ தமிழ்நாட்டில் விலைக்குக் கிடைப்பது அரிது. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் கழற்றி, பழுதுபார்த்து, ஓட்டிப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு இங்கே கையெட்டும் தூரத்தில் இருப்பது ஹெரால்டுதான். அம்பாசடருக்கும் பியட்டுக்கும் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் சொந்தக் கையால் வேலை செய்ய விரும்புகிறவருக்கு இந்த மூன்றில் மிகவும் இடம் கொடுக்கும் வண்டி இதுதான்.

பிறப்பு

ஹெரால்டு பிரிட்டனில் 1959 ஏப்ரலில் அறிமுகமானது. அந்தக் காலத்தில் புதிய கார்கள் பெரும்பாலும் தனிச் சேஸிஸை விட்டுவிட்டு, உடலே சட்டமாக அமையும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தால் அப்படி மாற முடியவில்லை. அதற்கு உடல்கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ தொழிற்சாலையைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லாததால், உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, தனிச் சேஸிஸின்மேல் போல்ட்டு போட்டு இணைக்கும் வடிவத்தை எடுத்தார்கள். வெளித்தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கலோட்டி.

வேறு வழியில்லாமல் எடுத்த இந்த முடிவுதான் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மீட்டமைப்பவருக்குப் பெரிய உதவியாக நிற்கிறது. துருப்பிடித்த பகுதியை மட்டும் போல்ட்டு கழற்றி எடுக்கலாம். உடலை முழுதாகத் தூக்கி வைத்துவிட்டுச் சேஸிஸைத் தனியே வேலை பார்க்கலாம். பானெட், இரண்டு முன் மட்கார்டுகளோடும் சேர்ந்து ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்கிறது. மெக்கானிக் முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் மூன்றையும் பார்க்கலாம். குழி வெட்டிய பட்டறையோ லிஃப்டோ இல்லாத கிராமத்துக் கொட்டகையில் இந்த வசதியின் அருமை வேலை செய்யும்போதுதான் தெரியும்.

பெருங்களத்தூர்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1948இல் தொடங்கப்பட்டது. சென்னை யூனியன் கம்பெனியும் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் இதில் கூட்டாளிகள். வேன்கார்டு, டென், பென்னன்ட் ஆகிய கார்களுக்குப் பிறகு ஹெரால்டு வந்தது. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் தொழிற்சாலை இருந்ததால், தஞ்சாவூரிலிருந்து சாலைவழியே சென்னைக்குப் போனவர்கள் பெருங்களத்தூரைக் கடந்தே நகருக்குள் நுழைந்தார்கள்.

பிரிட்டனில் 1961இலேயே 1147 சி.சி. எஞ்சின் வந்துவிட்டது. இந்திய ஹெரால்டு கடைசிவரை 948 சி.சி. எஞ்சினோடுதான் ஓடியது. பிரிட்டனில் இல்லாத ஒன்றும் இங்கே பிறந்தது: 1968இல் வந்த மார்க் 3, நான்கு கதவு ஹெரால்டு. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்க வேண்டும் என்ற ஏற்பாடு, பெரியவர்களைப் பின்னால் உட்காரவைத்துப் போகும் நம் குடும்பங்களுக்கு ஒத்துவராததால் கூடுதல் கதவுகள் வந்தன. 1972இல் ஹெரால்டின் இடத்தைப் பிடித்த கெஸல் 1977 வாக்கில் நின்றது. நிறுவனம் 1985இல் ரோவர் வடிவத்தில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து, 1988இல் உற்பத்தியை நிறுத்தியது.

ஸ்போர்ட்ஸ் கார் உறவு

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் இரகசியம் எளியது. சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, எடை குறைந்த, தாழ்வான உடலுக்குள் வைத்துவிடுவார்கள். 1953இன் டிரையம்ப் டி.ஆர்.2 காரில் இருந்தது வேன்கார்டு எஞ்சினின் 1991 சி.சி. வடிவம். அதே எஞ்சின் குடும்பம்தான் உழவுக்குப் பயன்பட்ட ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரையும் இழுத்தது. பந்தயத்துக்கும் வயலுக்கும் ஒரே எஞ்சின் என்பது நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை, கழற்றி மாற்றக்கூடிய சிலிண்டர் லைனர், எங்கும் பழுதுபார்க்கும் எளிமை என்ற குணங்கள் இரண்டு வேலைக்கும் பொருந்தின. ஸ்டாண்டர்டு 2000 காரிலும் 1991 சி.சி. எஞ்சினே திரும்ப வந்தது.

ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் இடையிலான பொதுப் பாகங்கள் இன்னும் நெருக்கமானவை. முன் சஸ்பென்ஷன், ரேக் ஸ்டீயரிங், டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் ஆகியவற்றில் பல பாகங்கள் ஒன்றே அல்லது சிறு வேறுபாடு உடையவை. பிரிட்டனில் ஸ்பிட்ஃபயருக்கு இன்றும் பெரிய இரசிகர் கூட்டம் இருப்பதால், அதற்காகப் புதிதாகச் செய்யப்படும் புஷ், சீல், கேஸ்கட், வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் ஹெரால்டுக்கும் உதவுகின்றன. 1977இல் தொடங்கிய டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப், பெயரில் ஸ்போர்ட்ஸ் இருந்தாலும் ஹெரால்டையும் தன் குடும்பத்திலேயே வைத்திருக்கிறது.

குறையும் பொதுவானதே. பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் டிஃபரன்ஷியலிலிருந்து தனித்தனியே ஆடும். இரண்டையும் தாங்குவது குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாக நுழைந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கிப் பின்பக்கம் வழுக்கும். ஆறு பேரும் சாமான்களும் ஏறினால் பட்டை தளர்ந்து சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். கெஸலில் இந்த அமைப்பைக் கைவிட்டு ஒரே துண்டான ஆக்சில் போட்டார்கள். பிரிட்டனில் ஸ்பிட்ஃபயரின் 1970 மார்க் 4 வடிவத்தில் பட்டையின் அடுக்குகளைச் சுழலவிட்டு அதே குறையைத் தணித்தார்கள். அவர்களுடைய தீர்வே மேல் என்று சொல்ல வேண்டும். சவாரியின் மென்மை அதில் கெடவில்லை.

படுகையின் நிலமும் வண்டியும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் தட்டையானவை. திருவையாற்றுக்குப் போகும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஆற்றுக்கு ஒரு பாலம் ஏறி இறங்குவது தவிர மேடு என்று ஒன்றும் இல்லை. நாற்பது குதிரைத்திறனை எட்டாத எஞ்சினுக்கும், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் மட்டுமே உள்ள வண்டிக்கும் இதைவிட ஏற்ற நிலம் கிடைக்காது. ஹெரால்டு ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல் என்று போகும் சாலையில் எதிரே நெல் மூட்டை லாரி வந்துவிட்டால் இந்தக் குணம் கைகொடுக்கும்.

தண்ணீர்தான் எதிரி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து, தண்ணீர் கல்லணை வழியாகக் கடைமடைக்கு வந்த பிறகு குறுவை, சம்பா, தாளடி என்று மாதக்கணக்கில் நிலம் ஈரத்திலேயே இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. ஹெரால்டின் சேஸிஸில் நடுவில் செல்லும் முதுகெலும்பு தடிமனானது. அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் மெல்லிய தகட்டால் ஆனவை. சேறு அவற்றுக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் கடலோர வண்டியை வாங்குகிறவர் இந்தக் கைகளையும் கதவுக்கடியில் ஓடும் சில் தகட்டையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

படுகையில் அடிக்கடி கவனிக்க வேண்டிய இன்னொரு பாகம் டிரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிப்பகுதி, மரை போட்ட வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். இதற்கு கிரீஸ் போடக் கூடாது. 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். மற்ற வண்டிகளின் பழக்கத்தில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிட்டால், கிரீஸ் கீழ்மரைவரை இறங்காமல் இறுகிப்போகும். சேற்றுநீர் புகுந்து தண்டு துருவேறி, ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கி விழும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஆயில் ஏற்றிவிட்டால் ஆயுள் நீள்கிறது. உயிரைக் காக்கும் வேலை என்பதால் எஞ்சின் மெருகுக்கு முன் இதைச் செய்வதுதான் முறை.

அறுவடைக்குப் பிறகு வயல் எலிகள் கொட்டகையைத் தேடி வருகின்றன. நிறுத்திவைத்த காரின் சீட்டுப் பஞ்சில் கூடு கட்டி, துணி உறை போட்ட பழைய ஒயரைக் கடிக்கின்றன. மீட்டமைக்கும்போது ஒயரிங் முழுவதையும் மாற்றி, நவீன பியூஸ் பெட்டி ஒன்றைச் சேர்ப்பது அசலிலிருந்து விலகல்தான்; ஆனாலும் தீ விபத்தைத் தடுப்பதால் அதை ஏற்கலாம். சம்பா அறுத்த பின் உளுந்து, பயறுச் செடிகளைச் சாலையில் பரப்பி வண்டிகள் ஏறிப் போகும்படி விடுவது இங்கே வழக்கம். தாழ்வான காரின் அடியில் அந்தச் செடியும் வைக்கோலும் புரொப்பல்லர் ஷாப்டில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சர் குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கும். அந்த மாதங்களில் ஓட்டிவிட்டு வந்ததும் குனிந்து அடியில் பார்ப்பது ஹெரால்டுக்காரர்கள் கைவிடக்கூடாத பழக்கம்.

மீட்டமைப்பு

எஞ்சின் வேலை பயமுறுத்துவதில்லை. ரீபோர், வால்வு கிரைண்டிங், கிராங்க் கிரைண்டிங் போன்றவற்றை டிராக்டர், பம்புசெட் வேலை பார்க்கும் லேத் பட்டறைகள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் செய்துவிடும். பாயின்ட், கன்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றைப் பழகிய வயதான எலெக்ட்ரீஷியன்களைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். சென்னைப் பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தின் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர்கள் அக்காலத்து வண்டிகள் பலவற்றில் பொதுவாக இருந்ததால், அம்பாசடர் காலத்து ஆட்கள் கைவைக்கத் தயங்குவதில்லை. பேட்டரி இணைக்கும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். தெரியாமல் மாற்றிக் கொடுத்தால் ரேடியோ முதலில் போகும்.

உடல் வேலையில்தான் பொறுமை தேவை. துண்டுகளை இணைக்கும்போது சேஸிஸுக்கும் உடலுக்கும் இடையே வைக்கும் தகட்டு வாஷர்களின் தடிமனைக் கூட்டிக் குறைத்துத்தான் கதவு இடைவெளி சரிக்கு வரும். டிங்கரிங் ஆள் அவசரப்பட்டு இடைவெளியைப் பட்டி பூசி மறைத்தால், முதல் குண்டுக்குழியிலேயே வெடித்துவிடும். வரிசையை மாற்றாமல் இருப்பதே நல்லது: முதலில் சேஸிஸ், அதன்பின் பெயின்ட் அடிக்காத உடலைப் பொருத்திக் கதவு, பானெட் எல்லாம் சரியாக மூடுகிறதா என்று பார்த்தல், மறுபடி கழற்றல், கடைசியில் பெயின்ட்.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. கரும்புப்பாகு, அரிசி முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் அந்த எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் கரைத்து இளக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தண்ணீராகவும் பிரியும். மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்து, ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் மட்டும் எடுக்கும் வண்டியில் இந்தத் தொல்லை அதிகம். எத்தனால் தாங்கும் குழாய், புதிய டயாஃப்ரம், நிறுத்தும் முன் டேங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்தல் என்ற மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

பதிவும் சட்டமும்

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று வகைப்படுத்தியது. ஹெரால்டுகள் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்; புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்துகளை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். இந்தப் பதிவில் வணிகத்துக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ வண்டியைப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்பகோணம்வரை ஓட்டிவர விரும்புகிறவர், சாதாரண ஆர்.சி. உயிரோடு இருந்தால் அதைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே வசதி. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது; 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் மேலும் உயர்ந்தது. விண்டேஜ் வகைக்குப் போக நினைப்பவர், வண்டியின் சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். வேறு எஞ்சின் மாட்டப்பட்ட ஹெரால்டு அந்த நிபந்தனையில் சிக்கும். ஆதலால் வாங்கும்போதே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ், எஞ்சின் எண்களை வண்டியில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், பழுதான 948 சி.சி. எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடாமல் கொட்டகையில் வைத்திருப்பதும் அவசியம்.