கருப்பா, நீலமா?

ஓமலூரில் நின்றுகொண்டு கிழக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். அது என்ன நிறம் என்று அந்த ஊர்க் குழந்தையைக் கேட்டாலும், 'நீலம்' என்று தயங்காமல் சொல்லும். ஏற்காட்டுக்குப் போய் வந்தவர்களுக்கோ, அங்கே நீலமாக ஒரு கல்லும் இல்லை, ஓர் இலையும் இல்லை என்பது தெரியும். பாறை கருப்பு, மரம் பச்சை. ஆனாலும் அவர்களே கீழே இறங்கி வந்து திரும்பிப் பார்த்தால், 'மலை நீலமாக இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். இதில் யார் சொல்வதும் பொய் அல்ல. பொருளின் நிறம் ஒன்று, அது கண்ணுக்குத் தோன்றும் நிறம் இன்னொன்று என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே நாம் தெரிந்து வைத்திருக்கிறோம்.

வாசகர்களுடைய இந்தத் தெளிவை நம்பித்தான் படக்கதைப் புத்தகக்காரர்கள் வெகுகாலம் தொழில் நடத்தி வந்தார்கள்.

1938-ல் அமெரிக்காவில் சூப்பர்மேன் என்ற ஆகாய வீரன் படக்கதையில் தோன்றினான். அவனுடைய தலைமயிர் கருப்பு. ஆனால் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்தத் தலையில் பாதி நீலமாக இருக்கும். இதற்குக் காரணம் அச்சுக்கூடத்தில் இருக்கிறது. அக்காலத்துப் படக்கதைகள் மட்டமான காகிதத்தில், நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்ற நான்கே மைகளைக் கொண்டு அச்சானவை. தலை முழுவதும் கருப்பு மையை அப்பினால் சுருளும் தெரியாது, வகிடும் தெரியாது. தலைமேல் சட்டியைக் கவிழ்த்தது போல் இருக்கும். ஆகையால் ஓவியன் அங்கங்கே மை படாமல் சில கீற்றுகளை விட்டு வைத்தான். அந்தக் கீற்றுகள் வெள்ளையாகவே நின்றால் நரை என்று நினைக்கத் தோன்றும்; மஞ்சள் பூசினால் செம்பட்டை ஆகிவிடும். நீலம் ஒன்றுதான் கருப்புக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்தது. வாசகர்களும் அதை மினுமினுப்பு என்று புரிந்துகொண்டார்கள். 'இவன் ஏன் தலையில் நீலச் சாயம் பூசியிருக்கிறான்?' என்று கேட்கவில்லை.

ஆனால் ஒளிக்காக வைத்த நிறம் அதோடு நிற்கவில்லை. 1939-ல் வந்த பேட்மேன் என்ற வௌவால் மனிதனின் போர்வை கருப்பு. அதன் மடிப்புகளைக் காட்ட நீலம் தீட்டினார்கள். நாளாக ஆக நீலக் கீற்று அகன்றது, கருப்பு குறுகியது. கடைசியில் அவன் போர்வையே நீலம் என்று ஒரு தலைமுறை முழுவதும் நம்பி வளர்ந்தது. 1962-ல் வந்த சிலந்தி மனிதனின் உடுப்பும் முதலில் சிவப்பும் கருப்புமாக எண்ணப்பட்டு, பின்னால் சிவப்பும் நீலமும் ஆயிற்று என்று பலர் சொல்வதுண்டு. அதே 1962-ல் பிறந்த ஹல்க் என்ற ராட்சசன் கதை இன்னும் வேடிக்கை. முதல் இதழில் அவன் சாம்பல் நிறம். அச்சில் அந்தச் சாம்பல் ஒரே சீராக வரவில்லை என்பதால் அடுத்த இதழிலேயே அவனைப் பச்சையாக்கி விட்டார்கள், இன்றுவரை பச்சைதான். வேதாளர் என்றும் மாயாவி என்றும் தமிழ் வாசகர்கள் அறிந்த முகமூடி வீரரை 1936-ல் படைத்த லீ ஃபாக், உடுப்பு சாம்பல் நிறம் என்றே மனத்தில் வைத்திருந்தார். 1939-ல் வர்ணத்தில் வந்தபோது அது ஊதாவாயிற்று. இத்தாலியிலும் துருக்கியிலும் அது சிவப்பு. ஸ்வீடன் பக்கத்தில் நீலம். ஒரே மனிதர், ஒரே காடு, ஒரே குதிரை. ஊருக்கு ஊர் சட்டை மட்டும் வேறு!

நம் ஊருக்கு வருவோம். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. அட்டையில்தான் வர்ண வைபவம். உள்ளே பெரும்பாலும் கருப்பும் வெள்ளையுந்தான். 'இரும்புக்கை மாயாவி'யின் தலையில் வெள்ளைக் கீற்று தெரிந்தால், 'பாவம், நரைத்துவிட்டது' என்று எந்தப் பையனும் இரங்கவில்லை. எண்ணெய் தடவிப் படியச் சீவிய தலைகளை வகுப்பறையில் தினந்தோறும் பார்க்கிறவனுக்குப் பளபளப்பு என்றால் என்னவென்று விளக்கவா வேண்டும்?

ஓமலூர்ப் பக்கத்து வாசகனுக்கு இன்னொரு பயிற்சியும் உண்டு. தாரமங்கலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே பட்டு நெய்கிறவர்களிடம் 'மயில் கழுத்து' என்றால் சட்டென்று விளங்கும். பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம். சேலையை இப்படிப் பிடித்தால் நீலம், அப்படிச் சாய்த்தால் பச்சை. 'சரியாகச் சொல்லுங்கள், இது நீலமா, பச்சையா?' என்று எந்த அம்மாளும் கடைக்காரரோடு வழக்காடியதில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த நிறம் என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும், விற்கிறவர்களுக்கும் தெரியும்.

தமிழ் மொழியும் இந்த விஷயத்தில் நெசவாளியின் பக்கந்தான். 'நீலம்' என்ற சொல்லுக்குக் கருமை என்றும் பொருள் உண்டு. திருமாலைக் கார்வண்ணன் என்கிறோம். அதே மூச்சில் நீலவண்ணன் என்கிறோம். காஞ்சிபுரத்தில் பச்சைவண்ணருக்கே தனிக் கோயில் இருக்கிறது. முரண்பாடாக யாருக்கும் படவில்லை. அடிப்படை என்னவோ கருப்புத்தான். தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குச் சொல்லும் தெய்வம் மாயோன். மாயோன் என்றால் கரியவன். கிருஷ்ணன் என்ற வடசொல்லுக்கும் கரியவன் என்பதே பொருள். கருவறையில் எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் மேனியில் தீப ஒளி படும்போது ஓடுகிறதே ஒரு நீலச் சாயை, அதுதான் நீலவண்ணம். அது கருப்பின் அழகே அன்றிக் கருப்புக்கு மாற்று அல்ல.

பிறகு காலண்டர்கள் வந்தன. 1894-ல் பம்பாயில் ரவிவர்மா அச்சுக்கூடம் தொடங்கி, தெய்வங்களை வர்ணப் படங்களாக வீடு வீடாக அனுப்பியது. தெற்கே கோவில்பட்டியில், நாடகத் திரைகள் எழுதிப் பேர் பெற்ற கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய படங்கள் சிவகாசியில் அச்சாகி மளிகைக் கடைச் சுவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தன. கண்ணனை முதன்முதலில் நீலமாக்கியவர்கள் அச்சுக்காரர்கள் அல்ல. கையால் எழுதிய பழைய சித்திரங்களிலேயே நீலக் கண்ணன் உண்டு. தஞ்சாவூர்ப் படங்களிலோ வெண்ணெய் தின்னும் குழந்தை பல சமயம் வெண்ணெய் நிறத்திலேயே இருக்கும்! ஆனால் ஒரே நீலத்தை லட்சக்கணக்கான வீடுகளில் மாட்டி, 'இதுதான் அவன் நிறம்' என்று முடிவு கட்டியது அச்சு மையே.

கருப்பு வெள்ளைச் சினிமாக் காலத்தில் இந்தத் தீர்ப்பு இன்னும் உறுதியாகவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தபோதுதான் தமிழுக்கு முழுநீள வர்ணப் படம் கிடைத்தது. மறு வருஷம் வந்த 'மாயா பஜார்' கருப்பு வெள்ளைதான். அதில் கிருஷ்ணனுடைய மேனி என்ன நிறம்? பார்த்தவர்கள் அவரவர் மனத்திலிருந்த நிறத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கருப்பாகப் பார்க்கவும் இடமிருந்தது.

இப்போது அந்த இடம் சுருங்கிவிட்டது. பேட்மேனுக்கு நடந்ததுதான் மாயோனுக்கும் நடந்தது. மினுமினுப்பைக் காட்ட வந்த நீலம் மேனியையே விழுங்கிவிட்டது. பல ஊர்களில் கருப்பசாமியின் சுதைச் சிலைக்கே நீலப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். பெயர் கருப்பு, உடம்பு நீலம்! சட்டை நிறம் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. வௌவால் மனிதனுக்குப் பிற்காலத்தில் கருப்புப் போர்வையைத் திருப்பிக் கொடுத்தும் விட்டார்கள். ஆனால் மேனி நிறம் அப்படிப்பட்டதா? 1975-ல் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு விற்பனைக்கு வந்தது. அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 வரை ஆயிற்று. இடைப்பட்ட 45 வருஷத்தில் எத்தனை கரிய பெண்கள் கண்ணாடி முன் நின்று மனம் குன்றியிருப்பார்கள்!

அதற்கெல்லாம் நீல மைதான் காரணம் என்று நான் பழி போட மாட்டேன். ஆனால் அந்தப் பெண்களுக்குத் துணையாக நிற்க வேண்டிய கரிய தெய்வத்தை அது சுவரிலிருந்து அப்புறப்படுத்தி விட்டது என்பதை மறுக்க முடியுமா? 'சாமியே உன் நிறந்தான்' என்று பாட்டி சொன்னால், பேத்தி காலண்டரைக் காட்டி, 'இல்லையே பாட்டி, நீலமாக அல்லவா இருக்கிறது?' என்கிறாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பாட்டிகள் இருக்கும் வரையில் மோசமில்லை. பேத்தியின் பின்னலை எடுத்து வெயிலில் பிடித்து, அதில் ஓடும் நீலத்தைக் காட்டினால் போதும்: "இது என்ன நிறம், சொல்லு பார்க்கலாம்?"