பேரேடு யார் கையில்? இணைய விளையாட்டுச் சேவைகளின் கதை

ஆண்டு மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்கும்போதெல்லாம் பழைய வணிகர்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். சாத்து, சுங்கம், பெருவழி என்று கல்வெட்டு வாசகங்களுக்குள்ளேயே சுற்றி வருகிறவன், இம்முறை பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிக்குள் நுழைந்திருப்பதைக் கண்டு அன்பர்கள் சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இதுவும் ஒரு சுங்கத்தின் வரலாறுதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 கோடை விடுமுறை. மகள் வயிற்றுப் பேரன் இங்கே எங்களோடு. மகன் வயிற்றுப் பேரன் சென்னையில். இங்குள்ளவனுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் உள்ள நிலைதான். இருவர் வீட்டிலும் டி.வி.யோடு இணைக்கும் கேம் பெட்டி உண்டு. இருவரும் ஆடியதும் ஃபோர்ட்நைட் என்ற ஒரே ஆட்டம். ஆனால் சேர்ந்து ஆட முடியவில்லை. "பெட்டி வேற வேற கம்பெனி தாத்தா, அதான்" என்றான் பேரன். "டெலிபோன்கூடத்தான் வேற வேற கம்பெனி. பேச முடியலையா?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை. தேடத் தொடங்கினேன்.

தொலைவில் இருக்கும் இருவர் கம்பி வழியாகச் சேர்ந்து ஆடுவது என்பது புது யோசனை அல்ல. ஜப்பானின் சேகா நிறுவனம் 1990-லேயே தன் மெகா டிரைவ் பெட்டிக்கு மோடம் வைத்துப் பார்த்தது. அமெரிக்காவில் 1994-ல் எக்ஸ்பேண்ட் என்ற மோடம் வந்தது. அது டெலிபோன் கம்பி வழியே எதிராளியைத் தேடிக் கொடுத்தது. எஸ்.டி.டி. பூத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஊருக்குப் பேசிய நமக்கு, இவையெல்லாம் ஏன் பெரிதாக ஓடவில்லை என்று விளக்க வேண்டியதில்லை.

மோடத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்றது சேகாவின் டிரீம்காஸ்ட். ஜப்பானில் 1998 நவம்பரிலும் அமெரிக்காவில் 1999 செப்டம்பரிலும் வெளிவந்தது. 2000-ல் சேகாநெட் என்ற சேவையை அமெரிக்காவில் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் வந்த ஃபேன்டஸி ஸ்டார் ஆன்லைன் என்ற ஆட்டத்தில் நால்வர் கூட்டாகச் சேர்ந்து ஆடலாம். சரக்கு நல்ல சரக்கு. ஆனால் கடையில் முதல் இல்லை. 2001 ஜனவரி இறுதியில், டிரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்தப் போவதாகச் சேகா அறிவித்துவிட்டது. முன்னால் போனவன் பள்ளத்தில் விழுந்தால் பின்னால் வருகிறவனுக்குப் பள்ளம் எங்கே என்று தெரியும். அப்படிப் பின்னால் வந்தவை மைக்ரோசாஃப்டும் சோனியும்.

இனிமேல்தான் நம் விஷயம். இந்த இரண்டு கம்பெனிகளும் ஒரே சந்தைக்கு இரண்டு விதமாகக் கடை போட்டன.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பர் 15-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் டெலிபோன் மோடம் கிடையாது. பிராட்பேண்ட் கம்பி செருகும் துளை மட்டும் இருந்தது. அன்று அமெரிக்காவிலேயே பெரும்பாலான வீடுகளில் டயல்-அப் இணைப்புதான். வாடிக்கையாளர் பாதிப் பேருக்கு மேல் உள்ளே வரமுடியாத கதவை ஒரு வியாபாரி வைப்பானா? வைத்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2002 நவம்பர் 15-ல், எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை தொடங்கியது. ஏறத்தாழ 50 டாலருக்கு ஒரு பெட்டகம். அதில் ஓராண்டுச் சந்தாவும் காதில் மாட்டிப் பேசும் ஹெட்செட்டும் அடக்கம். ஒருவருக்கு ஒரே பெயர். எந்த ஆட்டத்தைப் போட்டாலும் அதே பெயர், அதே நண்பர் பட்டியல், அதே குரல். ஆட்டத்தைத் தயாரித்தவர் யாராக இருந்தாலும் பேரேடு மைக்ரோசாஃப்ட் கையில். வாசலில் சுங்கமும் அவர்களுக்கே.

சோனியின் பிளேஸ்டேஷன் 2 அதற்கு முன்பே, 2000-ல் வந்து நிலைபெற்றுவிட்டது. இணையத்துக்கான அடாப்டரைத் தனியாக 40 டாலருக்கு 2002 ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்றார்கள். அதில் டெலிபோன் இணைப்பும் உண்டு, பிராட்பேண்ட் இணைப்பும் உண்டு. சோனி பொதுவாக வாசலில் சுங்கம் கேட்கவில்லை. ஆட்டம் தயாரித்த கம்பெனியே சர்வர் வைத்துக்கொள்ளட்டும், கட்டணம் வாங்குவதோ விடுவதோ அவர்கள் பாடு என்று விட்டுவிட்டது. நம் ஊர் வாரச்சந்தை மாதிரி. இடம் மட்டும் பொது, தராசும் கல்லாவும் அவரவருடையது. சோக்காம் என்ற படைவீரர் ஆட்டம் அங்கே நன்றாக ஓடியது, அதற்கும் ஹெட்செட் உண்டு. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு பெயர், பக்கத்து ஆட்டத்தில் இன்னொரு பெயர். ஒன்றில் கிடைத்த நண்பனை மற்றொன்றில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவே நடந்த இழுபறியைத்தான் நான் மிக ஆர்வமாகப் படித்தேன். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்பது விளையாட்டு மென்பொருளில் பெரிய கம்பெனி. அவர்களின் மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஆண்டுதோறும் தவறாமல் விற்கும். அவர்கள் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கு ஆட்டத்தைக் கொடுத்தார்கள், ஆனால் எக்ஸ்பாக்ஸ் லைவுக்கு வர மறுத்தார்கள். மேடனை இணையத்தில் ஆட வேண்டுமானால் பிளேஸ்டேஷன் 2 வாங்கு என்பது அன்றைய நிலை. தொழில்நுட்பக் கோளாறு ஒன்றும் இல்லை. வாடிக்கையாளரின் பெயர், கணக்கு, தொடர்பு எல்லாம் தங்களிடம் இருக்க வேண்டும், தங்கள் சர்வரில் ஆட்டம் நடக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வாதம். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இழுத்து, 2004 மே மாதம் இணக்கம் ஏற்பட்டது. மொத்த வியாபாரிக்கும் சில்லறை வியாபாரிக்கும் நடக்கும் சண்டையில் விலையைவிடப் பெரிது, "வாங்குகிறவன் யார் ஆள்?" என்ற கேள்வி. நாற்பது ஆண்டுக் கடை அனுபவத்தில் நான் பார்த்ததும் அதுதான்.

அந்த 2004-ஆம் ஆண்டில்தான் நம் இந்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தது. நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே பிராட்பேண்ட் என்று அதில் வரையறுத்தார்கள். அதே நவம்பரில் ஹேலோ 2 வெளிவந்து, எக்ஸ்பாக்ஸ் லைவின் முகமே மாறியது. அதற்கு முன், இருக்கும் ஆட்டங்களின் பட்டியலைப் பார்த்து நாமே ஒன்றைத் தேர்ந்து நுழைய வேண்டும். ஹேலோ 2-ல் பொத்தானை அழுத்தினால் போதும். உன் திறமைக்கு ஏற்ற எதிராளிகளைச் சேவையே தேடிப் பிடித்து உட்கார வைக்கும். கல்யாணத் தரகர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. சந்தா வாங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவில் ஹேலோ 2 போன்ற ஆட்டங்கள் மைக்ரோசாஃப்டின் சர்வரில் நடக்கவில்லை. ஆள் சேர்த்துக் கொடுப்பதோடு சேவையின் பெரும் வேலை முடிந்தது. பிறகு ஆடுகிறவர்களில் ஒருவருடைய பெட்டியே சர்வராக இருந்து, அவர் வீட்டு இணைப்பிலேயே ஆட்டம் நடந்தது. மாறாக, சோனியின் பிளேஸ்டேஷன் 3-ல் சந்தா இல்லை, ஆனால் 40 பேர் ஆடிய ரெசிஸ்டன்ஸ், 32 பேர் ஆடிய வார்ஹாக், 2010-ல் வந்து 256 பேரை ஒரே களத்தில் இறக்கிய மேக் ஆகியவை கம்பெனி செலவில் வைத்த சர்வர்களில் நடந்தன. அப்படியானால் காசு கொடுத்தவர்கள் எதற்குக் கொடுத்தார்கள்? பெயருக்கும், நண்பர் பட்டியலுக்கும், குரலுக்கும் கொடுத்தார்கள். 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-ல் ஆளுக்கொரு ஆட்டம் ஆடிக்கொண்டே ஒருவரோடொருவர் பேசலாம். பிளேஸ்டேஷன் 3-ல் கடைசி வரை அந்த வசதி வரவில்லை. ஏமாந்து கொடுத்தார்கள் என்று முதலில் நினைத்தேன். பேரன்களைப் பார்த்தபிறகு அப்படி நினைக்கவில்லை.

2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3-உடன் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் தொடங்கியபோது சோனியும் ஒரே பேரேட்டு முறைக்கு வந்துவிட்டது. சுங்கம் மட்டும் இல்லை. முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்கிறோமே, அந்தப் பட்டத்தைச் சில ஆண்டுகள் சோனிக்கும் கொடுத்திருக்கலாம். ஆனால் பேரேட்டை எழுதிய முறையில் அவசரம் தெரிந்தது. ஒருவர் முதலில் வைத்துக்கொண்ட பெயரை மாற்றவே முடியாது. எக்ஸ்பாக்ஸில் காசு கொடுத்து மாற்றலாம். சோனியில் அந்த வசதி 2019 ஏப்ரலில்தான் வந்தது. பன்னிரண்டு வயதில் விளையாட்டாக வைத்த கோமாளிப் பெயரை இருபத்து நாலு வயதிலும் சுமந்தவர்கள் உண்டு.

பேரேடு ஓரிடத்தில் சேர்ந்தால் திருடனுக்கும் வேலை சுலபம். 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் அந்நியர் நுழைந்தார்கள். ஏப்ரல் 20-ல் சோனி சேவையை மூடியது. சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரம் ஆபத்துக்குள்ளானது. இதைச் சோனி வெளியே சொன்னது ஏப்ரல் 26-ல். திறக்கத் தொடங்கியது மே மாத நடுவில். 2013 ஜனவரியில் பிரிட்டன் அரசின் தகவல் ஆணையர் அலுவலகம் இரண்டரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. திருடு போவது யாருக்கும் நேரலாம். ஆனால் அடகுக்கடையில் திருடு போனால் நகை வைத்தவர்களுக்கு அன்றே ஆள் அனுப்ப வேண்டாமா?

இதற்குள் 2010 ஜூனில் பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற சந்தாவை, விரும்பினால் சேரலாம் என்ற அளவில், சோனி தொடங்கியிருந்தது. 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது, இணையத்தில் சேர்ந்து ஆட அந்தச் சந்தா கட்டாயம் என்றாகிவிட்டது. அந்த ஜூன் மாத அறிமுக மேடையில், பழைய ஆட்டத் தட்டுகளைக் கைமாற்றத் தடை இல்லை என்று சொன்னதற்கு அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். அந்த ஆரவாரத்தில் சுங்கம் திரும்பி வந்ததைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இலவசமாகத் தரும் ஆட்டங்களுக்கு மட்டும் சோனி விலக்கு அளித்தது. எக்ஸ்பாக்ஸில் அந்த விலக்கு 2021 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதுவும், அந்த ஜனவரியில் சந்தாவை உயர்த்தப் போய், எதிர்ப்புக் கிளம்பி, அதே நாளில் பின்வாங்கிய பிறகு.

மூன்றாவது கடைக்காரர் நிண்டெண்டோ. குழந்தைகள் பாதுகாப்பு என்று சொல்லி, நண்பனைச் சேர்க்கப் பன்னிரண்டு இலக்க எண்ணைப் பரிமாறிக்கொள்ளச் செய்தவர்கள். 2018 செப்டம்பரில் அவர்களும் ஆண்டுக்கு 20 டாலர் வாங்கத் தொடங்கினார்கள். ஆக மூன்று வாசலிலும் சுங்கம்.

மீண்டும் பேரனின் கேள்விக்கு வருகிறேன். வேறு வேறு பெட்டிக்காரர்கள் சேர்ந்து ஆட முடியாததற்குக் கம்பியோ கருவியோ காரணமே அல்ல. 2002-ல் தொடங்கிய ஃபைனல் ஃபேன்டஸி 11 என்ற ஆட்டத்தில் பிளேஸ்டேஷன் 2, கணினி, பிறகு எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே உலகத்தில் ஆடினார்கள். 2017 செப்டம்பரில் ஃபோர்ட்நைட்டில் தற்செயலாகச் சுவர் கொஞ்ச நேரம் திறந்து, எக்ஸ்பாக்ஸ்காரர்களும் பிளேஸ்டேஷன் 4-காரர்களும் ஒரே களத்தில் சந்தித்துவிட்டார்கள். தவறு என்று சொல்லி மூடினார்கள். கூட்டம் அதிகமுள்ள சந்தைக்காரன் பக்கத்துச் சந்தைக்கு வழி வெட்ட மாட்டான். பழைய காலத்தில் கூட்டம் தன்னிடம் இருந்தபோது மைக்ரோசாஃப்டும் கதவைத் திறக்க ஆர்வம் காட்டவில்லை. 2016 மார்ச்சில் அவர்கள் திறந்த மனம் காட்டியபோது கூட்டம் சோனியிடம் இருந்தது. கடைசியில் 2018 செப்டம்பர் 26-ல் ஃபோர்ட்நைட்டுக்குச் சோனி இசைந்தது. 2021-ல் எபிக் நிறுவனத்துக்கும் ஆப்பிளுக்கும் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், இப்படிச் சேர்ந்து ஆடவிடுவதற்குச் சோனி ஈட்டுத்தொகை கேட்டது வெளியே வந்தது.

நாங்கள் வழக்கு விவரமெல்லாம் அப்போது அறியோம். அந்த ஆண்டு இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் பேரன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "டேய், பின்னாடி ஒளிஞ்சிருக்கான் பாரு, சீக்கிரம் ஏணி கட்டுறா" என்று கத்தினான். சென்னைக்காரனிடம் ஆங்கிலமோ இந்தியோ செல்லாது. வாரம் ஆறு மணி நேரம் அவன் பேசிய தமிழ், நான் ஞாயிறுதோறும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததைவிட அதிகம். அவன் அம்மா டி.வி.யை அணைக்க வரும்போதெல்லாம் நான்தான் தடுத்தேன்.

ஆனால் பெட்டி நம்முடையது, பேரேடு நம்முடையது அல்ல என்பதும் உண்மை. முதல் எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களுக்கான லைவ் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15-ல் மூடியது. நிண்டெண்டோவின் பழைய வைஃபை சேவை 2014 மே 20-ல் நின்றது. 256 பேர் ஆடிய மேக் களம் 2014 ஜனவரி 28-ல் மூடப்பட்டது. அங்கே மட்டும் பழகியவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த ஆவணத்திலும் இருக்காது.

2010-ல் ஹேலோ 2 ஆடியவர்களில் பத்திருபது பேர் ஒரு காரியம் செய்தார்கள். சேவை நின்ற அன்று ஆட்டத்தில் இருந்தவர்கள் வெளியேறவே இல்லை. பெட்டியை அணைக்காமல் விட்டார்கள். ஆட்டம் ஆடுகிறவர் பெட்டியிலேயே நடந்ததால், வெளியே போகாதவரை அவர்களைத் துண்டிக்க வழியில்லை. போனால் திரும்பி வரவும் முடியாது. சூடேறியும் இணைப்பு அறுந்தும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். மே மாதம் இரண்டாவது வாரத்தில் கடைசி ஆளும் விழுந்தார். இப்போது இன்சிக்னியா என்ற பெயரில் ஆர்வலர்கள் சிலர் தாங்களே சர்வர் வைத்து, அந்தப் பழைய எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்கள் பலவற்றை மீண்டும் இணையத்தில் ஆட வழி செய்திருக்கிறார்கள். சேர்வதற்குச் சந்தா கிடையாது. பழைய நண்பர் பட்டியல் மட்டும் திரும்ப வரவில்லை. புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும்.