ராஸ்வெல் பாசிக் குளங்கள்

ஆலைப் புகைபோக்கிகளின் வழியே வீணாக வானிற் கலந்துவிடும் கரியமில வாயுவை நீர்ப்பாசிக்கு ஆகாரமாக ஊட்டி, அப்பாசியிலிருந்தே எரிபொருள் பெறலாம் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1960-ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆஸ்வால்டும் கோலூக்கும், பரந்த குளங்களில் பாசி வளர்த்து, மின்நிலையத்துப் புகையை அதற்கு அளித்து, விளைந்ததைப் புளிக்கவைத்து மீதேன் எடுத்து, அதனைக் கொண்டே மீண்டும் மின்சாரம் உண்டாக்கும் யோசனையை விரிவாக எழுதிவைத்தனர்.

பெட்ரோல் மலிந்திருந்த அக்காலத்தில் அதற்குச் செவிகொடுப்பார் அரிது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து வாட்டிய பின்னரே, அமெரிக்க அரசின் எரிசக்தி இலாகா 1978-இல் இவ்வாராய்ச்சியைக் கையேற்று, கடற்கரைக் கழிகளிலும் பாலைநிலத்து உவர்க்குட்டைகளிலும் தேடி 3,000-க்கும் மேற்பட்ட பாசி வகைகளைத் திரட்டி, அவற்றுள் 300 அளவில் தேர்ந்து வைத்தது. தழைச்சத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால் பாசியின் உடலில் எண்ணெய் மிகும் என்று கண்டபோது விஞ்ஞானிகள் பெரிதும் மகிழ்ந்தனர். ஆனால் பட்டினி கிடந்த பாசி வளரவும் மறுத்தமையால், எண்ணெயின் விகிதம் ஏறியும் மொத்த விளைச்சல் ஏறவில்லை. இயற்கை விதித்த இந்த வரம்பே அம்முயற்சியின் மையச் சிக்கல் என்பது என் துணிபு.

இவ்வாராய்ச்சித் திட்டத்தின் பகுதியாக நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் நகரில், தலா ஆயிரம் சதுர மீட்டர் பரப்புள்ள இரண்டு குளங்கள் ஓட்டப்பந்தயத் தடம்போல் நீள்வட்டமாக அமைக்கப்பட்டன. துடுப்புச் சக்கரம் இடையறாது சுழன்று, முழங்கால் அளவுகூட ஆழமில்லாத பச்சை நீரைத் தள்ளிக்கொண்டே இருக்க, அடியிலிருந்து வாயு குமிழியிட்டு எழும். அவ்வாறு செலுத்திய கரியமில வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பாசிக்குப் பயன்பட்டது என்பது சாமானிய சாதனையன்று. ஆலைப் புகையைப் பயன்படுத்த விழைவோர் அனைவரும் நன்றியுடன் நினைக்கத்தக்கது. சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை விளைந்தபோதிலும், பாலைநிலத்துக் குளிர் குறுக்கிட்டு, சராசரியை 10 கிராம் அளவுக்கு இறக்கிவிட்டது.

1996-இல், சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவழிந்த நிலையில், திட்டம் நிறுத்தப்பட்டது. தேர்ந்த பாசி இனங்கள் ஹவாய் சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்டன. பாசி எண்ணெயின் விலை, விளைச்சலை எவ்வளவு தாராளமாக மதிப்பிட்டாலும், டீசல் விலையின் இருமடங்காகும் என்று கணக்கிட்ட இறுதி அறிக்கை 1998-இல் வெளிவந்தது. கச்சா எண்ணெய் பீப்பாய் 15 டாலருக்கும் கீழே விற்ற ஆண்டு அது.